பெட்டிக்குள் ஒரு பல்லியம்

பல இசைக்கருவிகள் கூடி ஒலிப்பதைப் பல்லியம் என்று பழந்தமிழர் வழங்கினர். மேனாட்டார் அதனை ஆர்க்கெஸ்ட்ரா என்பர். சிம்பொனி வாசிக்கும் பெரிய பல்லியம் ஒன்றிலே, வில்லேந்தித் தந்திக் கருவிகளை இசைப்போர் மட்டும் ஏறத்தாழ அறுபது பேர் அமர்ந்திருப்பர். முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபிள் பேஸ் 8 என்பது பெருங்குழுக்களில் வழக்கமான பகிர்வு ஆகும். கொழும்பிலே இலங்கைச் சிம்பொனி இசைக்குழு 1958ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆயினும் அட்டனிலோ, தலவாக்கலையிலோ, நுவரெலியாவிலோ பிறந்து வளரும் ஒரு பிள்ளை அத்தகைய குழுவை நேரிற் காண்பது அரிது. செல்லோ என்னும் கருவியைத் தொட்டுப் பார்த்த மலையக மாணவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதே பிள்ளை இன்று லயத்து அறையிலே ஒரு கணினியையும், சிறு கீபோர்டையும், ஹெட்போனையும் வைத்துக்கொண்டு அந்த அறுபது பேரையும் தான் எழுதிய மெட்டை வாசிக்கச் செய்யலாம். இதற்குத் துணையாவது 'சாம்பிள் லைப்ரரி' என்று இசையமைப்பாளர் வழங்கும் ஒலிக் களஞ்சியம்.

"இது மெய்யான வயலினா, பொய்யான வயலினா?" என்று மாணவர் கேட்கின்றனர். "இதிலே பிள்ளை பொழுதைக் கழிப்பது படிப்பாகுமா, விளையாட்டாகுமா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இரண்டும் நல்ல வினாக்கள். களஞ்சியம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிந்தால் இரண்டுக்கும் விடை தோன்றும்.

ஒவ்வொரு சுரமும் ஒருவர் கைபட்டது

இந்தக் களஞ்சியத்தின் ஒலிகளை எந்திரம் தானாக ஆக்கிக்கொள்வதில்லை. வாத்தியக்காரர் அரங்கிலே வந்து அமர்கின்றனர். ஒலிவாங்கிகள் அவர்களைச் சூழ நிற்கின்றன. மிகத் தாழ்ந்த சுரத்தை மெல்ல வாசிக்கும்படி கேட்கின்றனர். வாசித்தபின் ஒலி முற்றும் அடங்கும் வரை எவரும் அசையலாகாது. நாற்காலி கிறீச்சிட்டாலும் மீண்டும் வாசிக்க வேண்டும். பிறகு அதே சுரம் சற்று உரத்து. பிறகு இன்னும் உரத்து. அதன்பின் அடுத்த சுரம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயலினில் 40 சுரங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் நான்கு வலிமையிற் பதிந்தால் 160 பதிவுகள். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் நான்கு முறை பதிவர். இப்பொழுது 640. நீட்டி வாசித்தல், வெட்டி வாசித்தல், விரலாற் சுண்டுதல், வில்லை விரைந்து நடுக்குதல் என நான்கு முறைகளிலும் பதிந்தால் 2,560. இன்னும் முடியவில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வில்லை எடுக்காமற் செல்லும் இணைப்பை லெகாட்டோ என்பர். மேலே பன்னிரண்டு சுரங்களுக்கும் கீழே பன்னிரண்டு சுரங்களுக்கும் செல்லும் வழிகளைப் பதிவதாயின் 40 பெருக்கல் 24, அதாவது 960 பதிவுகள் ஒரே வலிமைக்கு வேண்டியிருக்கும். இவ்வளவும் ஒரே கருவிக்கு.

கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிக் கூடை நிரப்பும் கைகளை அறிந்த எங்களுக்கு இந்த உழைப்பின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை. தேநீர் பருகுவோன் கோப்பையைத்தான் காண்கின்றான். மலையிலே நின்றவளைக் காண்பதில்லை. அவ்வாறே கீபோர்டின் கட்டை ஒன்றை அழுத்துகின்ற மாணவனும், எங்கோ ஓர் அரங்கிலே மூச்சை அடக்கிக்கொண்டு அமர்ந்திருந்த வாத்தியக்காரரைக் காண்பதில்லை. ஆயினும் அவன் கேட்பது அவர்தம் வில்லின் ஒலியையே. எனவே 'பொய்யான வயலின்' என்று சொல்லுதல் பொருந்தாது. மெய்யான வாசிப்பைத் துண்டு துண்டாக்கி அடுக்கி வைத்தது என்பதே பொருத்தம். துண்டுகளை மீண்டும் உயிருள்ள வாசிப்பாகக் கோக்கும் பொறுப்பு இசையமைப்பவனைச் சேர்ந்தது.

நாடாவிலிருந்து கணினிக்கு

இந்த எண்ணம் கணினிக்கு முற்பட்டது. அமெரிக்கரான ஹரி சேம்பர்லின் அமைத்த கருவியை அடியொற்றி, 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தார் மெலோட்ரோன் என்னும் கருவியை வெளியிட்டனர். அதன் ஒவ்வொரு கட்டையின் அடியிலும் ஓர் ஒலிநாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், வயலின் ஒலிக்கும். ஏறத்தாழ எட்டு விநாடியில் நாடா முடிந்துவிடும்; விரலை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். பிரித்தானிய இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தார் இதனாலே தம் உறுப்பினரின் பிழைப்புக் கெடுமென அஞ்சினர்.

1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து ஃபேர்லைட் என்னும் கருவி வந்தது. அது நாடாவை ஒழித்து, ஒலியை எண்களாக மாற்றிக் கணினியிலே தேக்கியது. ஒரு வீட்டின் விலை விற்ற அதனைப் பெரும் செல்வர்களும் ஸ்டூடியோக்களுமே வாங்க முடிந்தது. 1983இல் மிடி என்னும் பொதுமொழி வகுக்கப்பெற்றது. ஒரு நிறுவனத்தின் கீபோர்ட் மற்றொரு நிறுவனத்தின் ஒலிப்பெட்டியோடு பேசுவதற்கு அது வழிசெய்தது. எந்தக் கட்டை, எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்ற செய்தியைக் கொண்டுசெல்வது அதன் தொழில்.

செல்லோ வாசித்தவரான ஹெர்ப் டுக்மாண்டில் என்பார் 2000ஆம் ஆண்டளவில் வியன்னாவிலே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, வெளியோசை புகாத அரங்கொன்றை அமைத்து, கருவி ஒவ்வொன்றையும் நுணுக்கமாகப் பதிவுசெய்யலானார். லெகாட்டோ இணைப்புகளைத் தனித்தனியே பதியும் முறைக்கு அவருடைய களஞ்சியம் பெயர்பெற்றது. இலண்டனில் பி.பி.சி. சிம்பொனி இசைக்குழுவினரை அவர்களுடைய மெய்டா வேல் அரங்கிலேயே பதிவுசெய்த களஞ்சியம் 2019இல் வெளிவந்தது. ஃபேர்லைட் காலத்தில் செல்வர்க்கு மட்டும் எட்டிய பொருள் நாற்பது ஆண்டுகளில் மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது.

சென்னை கண்ட மாற்றம்

எம்மவர் காதுக்குத் தந்திக் கருவிகளின் கூட்டொலி பழக்கமானது வானொலி வாயிலாகவும் திரைப்பாடல் வாயிலாகவும் ஆகும். 1976இல் 'அன்னக்கிளி'யோடு அறிமுகமான இளையராஜா, வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் உரிய சுரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் செய்தார். 1986இல் வெளிவந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பிலே வி. எஸ். நரசிம்மன் வயலின் வாசித்தார். கருநாடக இசையையும் மேனாட்டுச் சுரக்குறிப்பையும் ஒருங்கே அறிந்த வாத்தியக்காரர் பலர் அந்நாளிற் சென்னையிலே பிழைத்தனர்.

1992இல் வெளிவந்த 'ரோஜா'வுக்கு ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டோடு அமைந்த ஸ்டூடியோவிலிருந்து, கீபோர்டையும் கணினியையும் துணைக்கொண்டு இசையமைத்தார். அதன்பின் அந்த முறை எங்கும் பரவியது. பரவிய வேகத்திலே வாத்தியக்காரரின் வேலை குறைந்தது. பம்பாய்த் திரையிசைக் கலைஞரின் வாழ்வை ஆராய்ந்த கிரெகரி பூத் என்னும் அறிஞர் 2008இல் வெளியிட்ட நூலிலே, 1990களின் இறுதியோடு பெருங்குழுக்களின் காலம் அங்கே முடிந்த கதையைக் கலைஞர்தம் வாய்மொழியாகவே பதிந்திருக்கின்றார். தொழிற்சங்கத்தார் 1960களில் அஞ்சியது வீண் அச்சம் அன்று.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. கணினி இசைக்குப் பேர்போன ரஹ்மானே 2008இல் சென்னையிற் கே. எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். வறிய வீட்டுப் பிள்ளைகள் வயலினும் செல்லோவும் கற்று வாசிக்கும் சன்ஷைன் இசைக்குழுவையும் உருவாக்கினார். களஞ்சியம் எத்துணை பெரிதாயினும் வாசிக்கும் மனிதர் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? இளையராஜா எழுதிய 'வேலியன்ட்' என்னும் சிம்பொனியை 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டனிலே றோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் அரங்கேற்றினர். எழுதியவர் ஒருவர், உயிர் கொடுத்தவர் பலர்.

நான்கு விரலும் அறுபத்து நான்கு வயலினும்

இனி மாணவர்க்குச் சில செய்திகள். களஞ்சியம் கைக்கு வந்தவுடன் பலரும் செய்வது, 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற ஒலியைத் தெரிந்து, இரு கைகளாலும் பியானோ வாசிப்பதுபோல் வாசிப்பது. அப்பொழுது என்ன நேர்கின்றது? ஒரு கட்டையின் பின்னே 16 வயலின்களின் கூட்டொலி இருக்கின்றது என்று கொள்வோம். நான்கு விரல்களை ஒருங்கே வைத்தால் 64 வயலின்கள் ஒலிக்கின்றன. அத்தனை வயலின்களை அமர்த்தும் குழு எந்த அரங்கிலும் இல்லை. ஆகவேதான் அந்த ஓசை தடித்து, தேவாலயத்து ஆர்கன்போல் ஒலிக்கின்றது. மெய்யான குழுவிலே நான்கு சுரங்கள் வேண்டுமாயின் பதினாறு பேரும் நால்வர் நால்வராகப் பிரிந்து வாசிப்பர். ஒலி மெலியும், தெளியும். எனவே முதல் வயலினுக்கு ஒரு வரி, இரண்டாம் வயலினுக்கு ஒரு வரி, வயோலாவுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுதிப் பழகுக. ஒவ்வொரு வரியையும் வாயாற் பாடிப் பார்க்கும்போது அது தானே ஒரு பாட்டாக நின்றால் நன்று.

இரண்டாவது, வில்லுக்கு நீளம் உண்டு. கட்டையை அழுத்தியபடி எத்துணை நேரமும் இருக்கலாம். வில்லோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றதும் திரும்பியாக வேண்டும். உரத்து வாசிக்குந்தோறும் அது விரைந்து தீரும். பாடகனுக்கு மூச்சுப் போல வயலின்காரனுக்கு வில். எங்கே திரும்புவான் என்பதை எண்ணாது எழுதிய வரி, மூச்சு விடாமற் பேசுகின்றவன் பேச்சுப் போன்றது.

மூன்றாவது, மெல்ல வாசித்த வயலினும் உரத்து வாசித்த வயலினும் ஓசையின் அளவால் மட்டும் வேறுபடுவதில்லை. குரலின் நிறமே மாறுகின்றது. கீபோர்டின் பக்கத்தில் உள்ள சக்கரத்தை உருட்டினால், மெல்லிய பதிவிலிருந்து வலிய பதிவுக்குக் களஞ்சியம் மெல்ல நழுவிச் செல்லும். வலக்கை சுரத்தை வாசிக்க, இடக்கை அந்தச் சக்கரத்தை ஓயாது ஆள வேண்டும். இடக்கையைச் சும்மா வைத்திருப்பவனுடைய வயலின் சும்மாவே ஒலிக்கும்.

இம்மூன்றும் கணினிப் பாடங்கள் அல்ல. வயலினைப் பற்றிய பாடங்கள். வாத்தியம் அறிந்தவனுக்கே களஞ்சியம் பணிசெய்கின்றது.

கமகம் எங்கே?

இந்தக் களஞ்சியங்களைத் தொகுத்தோர் மேனாட்டார். அவர்தம் இசைக்கு வேண்டிய வாசிப்பு முறைகளையே பதிந்து வைத்துள்ளனர். எம் இசையின் உயிரோ கமகம். தோடி இராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை; அசைந்து அசைந்தே தன்னைக் காட்டுகின்றது. அதைக் கட்டையால் எப்படி வாசிப்பது? சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. அதனைத் திருப்பினால் வயலினின் குரலோடு வில்லின் உராய்வும் அரங்கின் எதிரொலியும் சேர்ந்து வளைகின்றன. மேனாட்டு வாத்தியக்காரர் பதிவின்போதே கொடுத்த விரல் நடுக்கம் வேறு உள்ளே இருக்கின்றது. அதன்மேல் எம் அசைவை ஏற்றினால் இரண்டும் மோதுகின்றன.

இதைக் கண்டு சோர்வடைய வேண்டுவதில்லை. வயலினே எமக்கு வந்த கருவிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் மேனாட்டார் ஒருவரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதிலே தேர்ந்து, சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்த வயலினைப் பரிசிலாகப் பெற்றார். எம்மவர் அக்கருவியின் உருவை மாற்றவில்லை. நின்று வாசித்ததை அமர்ந்து வாசித்தனர். அதன் தலையைப் பாதத்திலே தாங்கினர். தந்திகளைச் சட்சம் பஞ்சமம், சட்சம் பஞ்சமம் எனச் சுருதி கூட்டினர். கமகம் அதிலே பிறந்தது. வி. எஸ். நரசிம்மன் 1993இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட், கீர்த்தனைகளை நான்கு தந்திக் கருவிகளுக்கு ஏற்ப அமைத்து வாசித்துக் காட்டியது. அயற்கருவியைச் சொந்தமாக்க எம் முன்னோர்க்குப் பல்லாண்டுப் பயிற்சியே தேவைப்பட்டது; வேறு மந்திரம் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே மாணவன் ஒருவன் இராகத்தை அடியொற்றி எழுதினால், கமகம் வேண்டிய முதன்மை வரியை ஒரு வயலின்காரர் வாசிக்கப் பதிந்துகொள்ளட்டும். பின்னணியிலே தாங்கி நிற்கும் நெடுஞ்சுரங்களைக் களஞ்சியத்துக்கு விடட்டும். ஒரே ஓர் உண்மையான வயலின் முன்னே நின்றால், பின்னே நிற்கும் களஞ்சியமும் உயிர்பெற்றுத் தோன்றும். யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்திலும் மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இசை பயின்று வரும் ஆசிரியர் எங்கள் பாடசாலைகளில் உள்ளனர். அவர்களை நாடுக.

பெற்றோர்க்கு ஒரு சொல்

தோட்டத்து வருமானத்தில் வாழும் குடும்பத்துக்குச் செலவு முதற் கேள்வி. பெருங் களஞ்சியங்கள் நூற்றுக்கணக்கான கிகாபைட் அளவின; விலையும் மிகுதி. தொடக்கத்தில் அவை வேண்டா. மேலே சொன்ன பி.பி.சி. களஞ்சியத்தின் 'டிஸ்கவர்' என்னும் சிறு பதிப்பு 2020இல், இலவசமாகப் பெறும் வழியோடு வெளியிடப்பெற்றது. அதன் அளவு ஏறத்தாழ 200 மெகாபைட்டே. சுரக்குறிப்பு எழுத உதவும் மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருள், 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த நான்காம் பதிப்பு முதலாகத் தன் சொந்தப் பல்லிய ஒலிகளையும் இலவசமாகத் தருகின்றது. அதிலே பழகும் பிள்ளை சுரக்குறிப்பையும் உடன் கற்றுக்கொள்கின்றது. எழுதிய தாளை எந்நாட்டு வயலின்காரரிடம் கொடுத்தாலும் வாசிப்பார். இஃது வாழ்நாள் முழுதும் பயன்படும் கல்வி. ஆகவே படிப்பா, விளையாட்டா என்ற ஐயம் வேண்டா.

திருட்டுப் படியை நண்பர் கொடுத்தால் மறுத்துவிடுமாறு பிள்ளைக்குச் சொல்லுங்கள். பெரும்பாலான களஞ்சியங்களை வாங்கியவர் தம் இசையிலே தடையின்றிப் பயன்படுத்தலாம். பிறர்க்குப் படியெடுத்துக் கொடுக்கலாகாது. உழைத்தவர்க்குக் கூலி சேரவேண்டும் என்று இரு நூற்றாண்டாகக் கேட்டுவரும் மக்கள் நாம். வாத்தியக்காரர் கூலியும் கூலிதான்.

தப்பின் ஓசை எந்தக் களஞ்சியத்தில்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உலகத்துக் கருவிகள் பலவும் களஞ்சியம் ஏறிவிட்டன. விடியற்காலையிலே பெரட்டுக்கு ஆள் அழைத்த எங்கள் தப்பு ஏறியிருக்கின்றதா? மணவீட்டுக்கு ஓர் அடி, சாவீட்டுக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி என்று தப்பிலே எத்தனையோ அடிகள். தீயிலே காய்ச்சித் தோலை இறுக்கியபின் அது எழுப்பும் ஓசையை வியன்னாவிலிருந்து ஒருவர் வந்து பதிந்து கொடுக்கமாட்டார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அவற்றுள் ஒரு பகுதியேனும் எமக்கு எஞ்சியது. ஓசைகளைத் தொகுக்கும் பணி இந்தத் தலைமுறை மாணவரை எதிர்நோக்கி இருக்கின்றது.

களஞ்சியம் செய்யும் முறையை மேலே கண்டோம். அதையே இங்கும் செய்யலாம். அமைதியான ஓரிடம், ஓரளவு நல்ல ஒலிவாங்கி, பொறுமை ஆகிய மூன்றும் போதும். மெல்லிய அடி, நடுத்தர அடி, வலிய அடி, நடுத்தோலில், ஓரத்தில், ஒவ்வொன்றும் பலமுறை. அத்தோடு நிறுத்தலாகாது. தனித்தனி அடிகளைத் துண்டாக்கினால் ஓசை கிடைக்கும், அடிமுறை கிடைக்காது. எனவே ஒவ்வோர் அடிமுறையையும் தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாக வாசிக்கச் செய்து பதிக. வாசித்தவரின் பெயர், தோட்டம், நாள், அந்த அடி எந்தச் சடங்குக்கு உரியது என்பவற்றையும் அவர் ஒப்புதலோடு எழுதி வைக்குக. அவர் பெயரை மறைத்து ஓசையை மட்டும் எடுத்துக்கொள்வது அறமாகாது; இயன்ற அளவு அவர்க்குப் பொருளும் கொடுத்தல் வேண்டும்.

அந்தத் தப்பின் அடி முன்னே ஒலிக்க, பின்னே அறுபது தந்திக் கருவிகள் தாங்கி நிற்கும் இசை ஒன்றை மலையகத்து மாணவன் எழுதட்டும். முதலில் அதைக் கணினியிலே கேட்டுத் திருத்தட்டும். திருத்தியதைத் தாளில் எழுதி, ஒருநாள் கொழும்பிலோ சென்னையிலோ வாத்தியக்காரர் முன் வைக்கட்டும். அன்று அவர்கள் தாளைப் பார்த்து, "எழுதியவனுக்கு வயலின் தெரியும்" என்று சொல்லும்படி இன்றே பழகுதல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு நாள்தோறும் ஒரு மணி நேரம்.